நான்காவது அணி

1

இந்தக் கதை எனக்கு ஒரு பேருந்துத் தகராறில் கிடைத்தது. நெய்வேலியிலிருந்து சேத்தியாத்தோப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். வலைப்பை நிறையக் கால்பந்துகளோடு ஒரு பெண்மணி ஏறினார். லக்கேஜ் டிக்கெட் எடுத்தே ஆகவேண்டும் என்றார் நடத்துநர். "பந்து சீட்டுல உக்காராது சார், என் மடியிலதான் வரும்" என்றார் அவர். பை பெரியது. பாதி என் மடிக்கும் வந்துவிட்டது. வடலூரைத் தாண்டுவதற்குள் அவர் பெயர் மேரிசெல்வி என்பதும், நெய்வேலி நகரியத்தை ஒட்டிய ஒரு சிறிய கலைக் கல்லூரியில் அவர் உடற்கல்வி இயக்குநர் என்பதும், மாணவிகள் அவரை 'பி.டி. மேடம்' என்று கூப்பிடுவார்கள் என்பதும் தெரிந்துவிட்டன. நான் கதை எழுதுகிறவன் என்று சொன்னதும் ஒரு நிபந்தனை போட்டார்: "எழுதுங்க. ஆனா அழுவாச்சியா எழுதிராதீங்க."

வீட்டுக்கு வந்து முதல் வரியை இப்படி எழுதினேன்:

'பழுப்பு நிலக்கரித் தூசி படிந்த மாலை வெயிலில் ஒரு பந்து தனியாக உருண்டு—'

அடித்துவிட்டேன். பந்து தனியாக உருளாது. யாராவது உதைக்க வேண்டும்.

இரண்டாவது: 'பல்கலைக்கழக விளையாட்டு மண்டலங்களின் மறுசீரமைப்பைத் தொடர்ந்து—'

இது சுற்றறிக்கை. மூன்றாவது முறை, நடந்ததை நடந்தபடியே தொடங்கினேன்.

2

மண்டலக் கூட்டத்தில் மேரிசெல்வி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். இதுவரை ஐந்தாக இருந்த மண்டலங்களை மூன்றாகக் குறைத்துவிட்டதாகச் சொல்லித் திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினார்கள்.*

(*மண்டலம் என்பது இதுதான். பல்கலைக்கழகத்துக்கு உட்பட்ட கல்லூரிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முதலில் அந்தந்தப் பகுதிக்குள் ஆடவிடுவார்கள். அங்கே ஆடினால்தான் பல்கலைக்கழக அணித் தேர்வுக்குப் போக முடியும். அங்கே போட்டி இல்லையென்றால் அதற்கு மேலே எதுவும் இல்லை. விளையாட்டு தெரிந்தவர்கள் இந்த அடைப்புக்குறியைத் தாண்டிப் போய்விடலாம்.)

விடுதியும் பெரிய மைதானமும் உள்ள நகரத்துக் கல்லூரிகள் வேறு மண்டலத்துக்குப் போயின. மேரிசெல்வியின் மண்டலத்தில் பெண்கள் கால்பந்து அணி உள்ள கல்லூரிகளாக மூன்று மட்டும் மிஞ்சின. விதிப்படி நான்கு வேண்டும்.

"மூணு இருந்தா என்னங்க?" என்று எழுந்து கேட்டார்.

"மூணு டீமுக்கு எதுக்கு மேடம் டோர்னமென்ட்? இந்த வருஷம் விட்டுருங்க. பசங்க போட்டி நடக்கும்ல" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அடுத்து வாலிபாலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

மறுநாள் முதல்வர் கோபாலகிருஷ்ணன் அவரை அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. கணக்குப் பார்க்கிற மனிதர்.

"போட்டியே இல்லாத டீமை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்றது? மேனேஜ்மென்ட்ல கேட்டா நான் என்ன சொல்ல? கோ-கோ ஆரம்பிச்சிருங்களேன்."

"கோ-கோவும் ஆரம்பிக்கிறேன் சார். இதையும் விடமாட்டேன்."

"நாலாவது டீமுக்கு எங்க போவீங்க?"

"தேடுறேன் சார்."

"பேர் குடுக்குறதுக்குள்ள கெடைக்கலைன்னா?"

மேரிசெல்வி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். அப்போது தன்னிடம் பதிலே இல்லை என்றுதான் பேருந்தில் என்னிடம் சொன்னார். நான் அந்த இடத்தில் அவருக்கு ஒரு வசனம் எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. எடுத்துவிட்டேன்.

மைதானத்தில் செய்தியைச் சொன்னபோது பெண்கள் தலைக்கு ஒன்றாகப் பேசினார்கள். அணித்தலைவி தமிழ்நிலா மட்டும் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தாள். கம்மாபுரத்துப் பெண். சுரங்கத்துக்கு நிலம் போன குடும்பம். அப்பா காண்ட்ராக்ட்டில் ஷிப்ட் பார்க்கிறார். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த இடம் என்பதால்தான் வீட்டில் படிக்கவே அனுப்பினார்கள்; ஆட்டம் இல்லையென்றால் அந்த இடமும் போய்விடும்.

"எல்லைக் கோட்டை மாத்திப் போட்டுட்டோம்னு யாராச்சும் வந்து சொல்றது எங்க ஊர்ல புதுசு இல்ல மேடம்" என்றாள். "ஆனா அதுக்கு நஷ்டஈடாச்சும் கெடைக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கச் சொல்லவில்லை. எழுந்து ஓடப் போய்விட்டாள்.

3

இங்கே ஒரு வில்லன் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதனால் சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் கலைச்செல்வனை அப்படி ஆக்கினேன். 'மீசையை முறுக்கியபடி அவர் ஏளனமாக—' என்று ஒரு பக்கம் எழுதி, சரிபார்க்க மேரிசெல்விக்குப் போனில் படித்தும் காட்டினேன்.

"அவரு மீசையே வெக்கலைங்க" என்றார்.

ஆகவே திருத்தம்: கலைச்செல்வன் மீசை வைக்காதவர், கபடிக்காரர். அவருடைய பெண்கள் கபடியில் கோப்பைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கால்பந்தைத் தொட்டதில்லை. மேரிசெல்வி தேடிப் போய் நான்காவது அணி கேட்டதும், அவர் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்களைக் காட்டினார்.

"மேடம், எங்க பொண்ணுங்க கபடிப் பொண்ணுங்க. பந்து வந்தா கையால அமுக்கிப் புடிச்சுகினு உக்காந்துருவாங்க. நீங்க அப்புறம் ஃபவுல் ஃபவுல்னு விசில் ஊதிகினே இருக்கணும்."

"ஊதுறேன் சார்."

"எனக்குக் கால்பந்து தெரியாது. யாரு சொல்லித் தர்றது?"

"நான் வர்றேன். வாரத்துல ரெண்டு நாள். எங்க காலேஜ் முடிஞ்சு பஸ் புடிச்சா வெளிச்சம் இருக்கும்போதே வந்துரலாம்."

அவர் திரும்பிப் பார்த்தார். "உங்க டீமுக்கு எதிரா ஆடப்போற டீமுக்கு நீங்களே சொல்லித் தருவீங்களா?"

"எதிரா ஆட ஆள் இல்லன்னா எங்களுக்கு டீமே இல்ல சார்."

கலைச்செல்வன் தன் பெண்களைக் கூப்பிட்டார். முதலில் வந்து நின்றவள் செல்லக்கிளி. கபடியில் ரெய்டு போகிறவள். உயரம் குறைவு, தோள் அகலம். பந்தைக் காலால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "இத வெச்சுகினு என்ன பண்ணணும்?" என்று கேட்டாள்.

"எதிர்ப்பக்கம் ரெண்டு கம்பம் இருக்கும், அதுக்குள்ள கொண்டு போகணும்."

"வழியில நிக்கிறவங்கள?"

"தாண்டிப் போகணும். தள்ளக் கூடாது. பிடிக்கக் கூடாது."

"அது கஷ்டமாச்சே" என்றாள் செல்லக்கிளி, உண்மையான கவலையோடு.

4

நான்காவது பகுதியில் பயிற்சிக் காட்சிகளை வரிசையாக எழுதலாம். வாசகருக்கும் பிடிக்கும். ஆனால் மேரிசெல்விக்கு அந்த நாட்களில் மிகவும் வலித்தது தன் சொந்த அணிதான்.

செய்தி தெரிந்ததும் தமிழ்நிலா நேராகக் கேட்டாள்: "எங்களுக்குச் சொல்லித் தர வேண்டிய நேரத்துல அங்க போயிர்றீங்க. அவங்க ஜெயிச்சா சந்தோஷப்படுவீங்களா மேடம்?"

"அவங்க ஆடுனா சந்தோஷப்படுவேன்."

"நான் கேட்டது அது இல்ல."

மேரிசெல்விக்குச் சுருக்கென்றது. அவள் கேட்டது அது இல்லைதான். அன்று சேத்தியாத்தோப்புப் பேருந்தில் ஏறியபோது, தான் செய்வது சரிதானா என்று முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. இறங்கிவிடலாமா என்றுகூட நினைத்தார். [இங்கே மழை பெய்தது என்று எழுதியிருந்தேன். பெய்யவில்லை. நல்ல வெயில்.]

இறங்கவில்லை. மைதானத்தில் செல்லக்கிளியும் மற்றவர்களும் ஏற்கெனவே வந்து, இரண்டு செங்கல்லைக் கோல்கம்பமாக வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். யாரும் சொல்லித் தராத ஆட்டம். ஒருத்தி பந்தைக் கையால் பிடிக்கப் போக, மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து "ஏய், ஃபவுலுடீ!" என்று கத்தினார்கள். அந்தக் கத்தலைக் கேட்ட பிறகு சந்தேகம் வரவில்லை என்றார்.

அடுத்த வாரம் தமிழ்நிலா பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்றாள். "யாரோட ஆடப்போறோம்னு பாத்துட்டு வரேன்" என்றாள். சமாதானத்துக்கு வரவில்லை. அங்கே போய்ப் பயிற்சி ஆட்டத்தில் முழு வேகத்தில் ஆடி, செல்லக்கிளியை மூன்று முறை ஏமாற்றிப் பந்தை எடுத்துக்கொண்டு போனாள். நான்காவது முறை செல்லக்கிளி ஏமாறவில்லை. திரும்பும் பேருந்தில் தமிழ்நிலா மேரிசெல்வியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நெய்வேலி நுழைவு வளைவு வந்ததும், "அந்தக் குள்ளப் பொண்ணு நல்லா நிக்கிறா" என்றாள்.

5

போட்டி நெய்வேலி மைதானத்தில் நடந்தது. முதல் ஆட்டமே இவர்களுக்கும் சேத்தியாத்தோப்புக்கும்தான். சுரங்கத்தில் பகல் வேலையான ஜெனரல் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் போகிறவர்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள்.

இடைவேளைக்குள் நெய்வேலி ஐந்து கோல் போட்டுவிட்டது. மூன்று தமிழ்நிலாவுடையவை.

கலைச்செல்வன் இறுகிய முகத்தோடு வந்தார். "மேடம், பொண்ணுங்க வேணாங்கிறாங்க. அழுவுறாங்க. கெளம்பிர்றோம்."

பாதி ஆட்டத்தில் ஓர் அணி வெளியேறினால் அது ஆடியதாகவே கணக்கில் வராது. மறுபடியும் மூன்று அணி. மறுபடியும் போட்டி இல்லை. மேரிசெல்வி தன் பெண்களிடம் ஓடினார்.

"நிலா, கொஞ்சம் மெதுவா ஆடுங்க. போதும், ஜெயிச்சாச்சு."

தமிழ்நிலா தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தாள். "மாட்டேன் மேடம்."

"அவங்க போயிட்டா நமக்குத்தான்—"

"தெரியும். என் சீட்டுதான் போவும். இருந்தாலும் மாட்டேன். என்கிட்ட யாராவது வேணும்னே மெதுவா ஆடுனா நான் அப்புறம் ஆடவே மாட்டேன்."

மேரிசெல்வி அந்தப் பக்கம் போனார். சேத்தியாத்தோப்புப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் பூட்ஸைக் கழற்றிவிட்டார்கள். என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. நடந்ததைச் சொன்னார்.

"நீங்க போனா எங்களுக்குப் போட்டி கெடையாது. அது என் கஷ்டம், அதுக்காக நீங்க ஆட வேணாம். எங்க பொண்ணுங்கள மெதுவா ஆடச் சொல்லிப் பாத்தேன். கேப்டன் முடியாதுன்னுட்டா. அதையும் சொல்லிடணும்ல, அதான் சொல்றேன்."

செல்லக்கிளி தலையைத் தூக்கினாள். "மெதுவா ஆடச் சொன்னீங்களா?"

"ஆமா."

"எங்களப் பாத்தா பாவமா இருக்குதா மேடம் உங்களுக்கு?"

மேரிசெல்வி அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அவ மாட்டேன்னாளா?"

"மாட்டேன்னுட்டா."

செல்லக்கிளி எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஏய், பூட்ஸப் போடுங்கடீ. கபடில பத்துப் பாயிண்ட் கீழ இருந்துகினு ஆடலையா நாம? எழுந்திரு. அவ ஒருத்திதான் நம்மள மனுசியா மதிச்சுகினு ஆடுறா."

6

இனி முடிவு. என்னிடம் சில இருந்தன.

முதல் முடிவில் சேத்தியாத்தோப்பு ஒரு கோலாவது போட்டுவிடுகிறது. எழுதியும் பார்த்தேன்: 'கடைசி நிமிடம். செல்லக்கிளி உதைத்த பந்து கோலியின் விரல்களைத் தாண்டி—' இல்லை. விரல்களில் பட்டு வெளியே போனது. ஏழுக்குப் பூஜ்யம். ஆனால் இரண்டாம் பாதியில் நெய்வேலியால் இரண்டு கோல்தான் போட முடிந்தது. தமிழ்நிலா போன இடமெல்லாம் செல்லக்கிளி போனாள். தள்ளவில்லை, பிடிக்கவில்லை. ஒருமுறை இருவரும் சேர்ந்து விழுந்தபோது யார் கை யாரைத் தூக்கியது என்பது எனக்குத் தெரியாது. இருவரையும் கேட்டேன். இருவரும் "நான்தான்" என்றார்கள். கடைசி விசில் ஊதியபோது மைதானத்தில் இருபத்திரண்டு பேரும் நின்றிருந்தார்கள். எனக்கு அது போதும்.

இரண்டாவது முடிவில் எல்லாம் சுபம். மண்டலப் போட்டி நடந்தது, தமிழ்நிலா பல்கலைக்கழகத் தேர்வுக்குப் போனாள், முதல்வர் கோ-கோவைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார். இவை மூன்றும் நடந்தவைதான். இங்கேயே நிறுத்தியிருப்பேன்.

ஆனால் போன வாரம் மேரிசெல்வி போன் செய்தார். அடுத்த ஆண்டு மண்டலங்களை இரண்டாக்கப் போகிறார்களாம். குறைந்தது ஐந்து அணி வேண்டுமாம், இவர்கள் பக்கம் மறுபடியும் ஒன்று குறைகிறதாம்.

"என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன்.

"பொண்ணுங்க கெளம்பிட்டாங்க."

"எங்க?"

"தமிழ்நிலாவும் செல்லக்கிளியும். திருவதிகைப் பக்கம் ஒரு காலேஜ் இருக்குதாம், அங்க த்ரோபால் ஆடுற பொண்ணுங்க இருக்காங்களாம். கேட்டுட்டு வரோம்னு போயிருக்காங்க. நானும் வரேன்னேன். வேணாம்னுட்டாங்க. 'நீங்க வந்தா பாவம் பாப்பீங்க மேடம்'ங்கிறா செல்லக்கிளி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பின்னணியில் யாரோ விசில் ஊதினார்கள். அவர் போனை வைத்துவிட்டார்.

அந்தக் கல்லூரி சரி என்றதா, இல்லை என்றதா? எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்தாலும் எழுதுவதாக இல்லை. அவர்கள் இல்லை என்று சொன்னால் இந்த இரண்டு பெண்களும் அடுத்த ஊருக்குப் போவார்கள். பிறகு அதற்கும் அடுத்த ஊருக்கு. என்றைக்காவது உங்கள் ஊர்க் கல்லூரி வாசலிலும் வந்து நிற்கலாம். ஒருத்தி உயரம், ஒருத்தி குள்ளம். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்கள்.

இதுவரை உள்ளதை நான் எழுதினேன். எதிரே நிற்கப் பதினொரு பெண்கள் வேண்டும். அவர்களை என்னால் எழுதித் தர முடியாது.