ஆகஸ்டில் ஒரு கம்பளிக் கோட்டு

ஆகஸ்ட் வெயிலில் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு வருகிறவளைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? தேஜோ ஆற்றைப் பார்த்த பேராலய வாசலில், காவலாளி கிந்தினோ, கிழவி டியோலிந்தாவை மேலும் கீழும் பார்த்தான்.

“குளிருதாம்மா?”

“வயசாச்சுல்ல. ரத்தம் சுண்டிப்போச்சு.”

“பன்னெண்டரைக்குப் பூட்டிடுவேன். என் பொண்டாட்டி மத்தி சுட்டு வெச்சிருப்பா. சீக்கிரம் பாத்துட்டு வந்துடுங்க.”

கோட்டுக்குள், இடக்கை அணைப்பில், ஒரு நீலச் சித்திர ஓடு இருந்தது. சாண் அகலம். அதில் ஒரு குட்டித் தேவதையின் முகம், குறுக்கே விரிசல்.

அவள் கணவர் பெல்மிரோ முப்பது வருஷத்துக்கு முன் இங்கே சுவர் ஓடுகளைப் பழுதுபார்த்தவர். ஒரு சாயங்காலம் இதைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து பரணில் ஒளித்தார். கோயில் சொத்து! டியோலிந்தா பதறிப்போனாள். “திருட்டுப்பயலே” என்றாள். அந்த வார்த்தை அவர் சாகும்வரை ஓயவில்லை. அவரோ சிரித்துக்கொண்டு, “ஒருநாள் என்கூட வா, உனக்கே தெரியும்” என்பார். திருடின இடத்தில் காலை வைப்பேனா என்று அவளும் வீம்பாகத் தெருமுனைச் சிற்றாலயத்துக்கே போய்வந்தாள். அவர் போய் இரண்டு மாதம் ஆகிறது. களவுப் பொருள் வீட்டில் இருக்க அந்த ஆன்மா எப்படிக் கரையேறும்? ஏதாவது பெஞ்சுக்கடியில் வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் வந்திருந்தாள்.

கிந்தினோ விடுவதாயில்லை. பொன் முலாம் மின்னும் பீடம்வரை அவள் நடந்தாள். பின்னாலேயே சாவிக்கொத்துச் சத்தமும் வந்தது. முதுகில் வியர்வை வழிந்தது. ஓடு நழுவ, விலாவோடு சேர்த்து இறுக்கினாள்.

“எதைத் தேடறீங்க?”

“அந்த... தேவதைங்க இருக்கற சுவரு.”

“ஓ, மச்சக்காரியைப் பாக்க வந்தீங்களா! முதல்லயே சொல்றதுக்கென்ன? வர்றவங்க எல்லாம் அவளைத்தான் கேக்கறாங்க.”

பக்கச் சுவர் முழுக்க நீலத் தேவதைகள். ஓடு பெயர்ந்த பள்ளம் எங்கே என்று தேடினாள். எங்கும் இல்லை. கிந்தினோ கைநீட்டிய இடத்தில், மற்றவையெல்லாம் கொழுகொழு குழந்தைகளாக இருக்க, ஒன்று மட்டும் வளர்ந்த பெண்ணாய் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தது. மேலுதட்டுக்கு மேல், இடப்பக்கம், ஒரு மச்சம்.

“பழைய டைல், ரிப்பேர் வேலை நேரத்துல உடைஞ்சிருக்கும். எவனோ புதுசா வரைஞ்சு ஒட்டிட்டான். நிஜ டைல் மட்டும் கெடைச்சா அன்னிக்கே இதைப் பேத்து எறிஞ்சிடுவோம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. எங்களுக்குத்தான் மனசு வரல.”

டியோலிந்தாவின் வலக்கை தானாக எழுந்து தன் உதட்டுக்கு மேலிருந்த மச்சத்தை மூடியது. அவர் திருடவில்லை. கைதவறி உடைத்திருக்கிறார், வேலை போய்விடுமென்று ஒளித்திருக்கிறார், காலி இடத்தில் தன் பெண்டாட்டியை வைத்திருக்கிறார். ஒரே ஒருநாள் கூடவே வந்திருந்தால் போதும். பாவி, முப்பது வருஷம் வாயை மூடினேனா?

கிந்தினோவின் பார்வை அவள் கையில் நின்று, கோட்டுக்கு இறங்கியது.

“உள்ள என்னம்மா வெச்சிருக்கீங்க?”

மேலே மணி அடித்தது. பன்னிரண்டரை.

“ஒண்ணுமில்லப்பா. நெஞ்சு வலிக்குது, பிடிச்சிட்டிருக்கேன்.”

அவன் சுவரைப் பார்த்தான். திரும்ப அவளைப் பார்த்தான். பிறகு போய்க் கதவை அகலத் திறந்துவிட்டான்.

“பாத்துப் போங்கம்மா. படி வழுக்கும்.”

புருஷனைத் திருடன் திருடன் என்று திட்டித் தீர்த்த டியோலிந்தா, கோயில் சொத்தைக் கோட்டுக்குள் இறுக்கிக்கொண்டு வெயிலில் இறங்கினாள்.