நிர்மலனின் கைக்குப் பூசிய வக்ஸ்

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் அருட்பிரகாசத்தின் வீட்டு வாசலில் நின்ற கருநீலக் காரின் முன்மூடியான பொனற்றில் அவருடைய மகன் நிர்மலனின் வலது கை பதிந்திருந்தது. அந்தக் கை ஒரு மனிதனின் கைச்சூட்டோடு இருந்தது. எஞ்சின் சூடு என்று யாரும் நினைக்க வேண்டாம். கார் ஒரு கிழமையாக எடுக்கப்படாமல் நின்றாலும், மார்கழிக் குளிரில் சுற்றியிருந்த தகரம் விறைத்துக் கிடந்தாலும், ஐந்து விரலும் உள்ளங்கையும் மட்டும் இளஞ்சூடாகவே இருக்கும். இதை முதலில் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டுப் பூனை. காலையில் வந்து அந்தக் கையின்மேல் சுருண்டு படுத்துவிடும். எங்கள் சனத்துக்குத் தெரியவந்தது பிறகுதான்.

அந்தக் கை எப்படி வந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். அருட்பிரகாசம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கத்தோலிக்கர், தேவாலயத்துப் பங்குச் சபையில் முக்கியமான ஆள். ஞாயிறு பூசைக்குப் பிந்தினாலும் பிந்துவார், காருக்குப் பளபளப்பு மெழுகான வக்ஸ் அடிக்கப் பிந்தமாட்டார். வெயிலில் அடிக்கக் கூடாது, நிழலில்தான் அடிக்கவேண்டும் என்று டின்னில் எழுதியிருந்தும், ஓர் ஆடிமாதச் சனிக்கிழமை கொதிக்கிற வெயிலில் பொனற் முழுக்க அடித்துவிட்டு, அது வெள்ளையாகப் பூத்துக் காயட்டும் என்று நின்றார். அப்போது நிர்மலன் வெளியே வந்தான். எக்கவுண்டன்சி படிப்பை விட்டுவிட்டதாகச் சொன்னான். "தலைமயிர் வெட்டப் பழகுறன் அப்பா. எட்மண்டனிலை ஒரு சலூனிலை வேலையும் எடுத்திட்டன்." வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும் படிப்பு போச்சே என்று கத்தியிருப்பான். இவர் படிப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "உனக்கு அவங்கடை வேலைதானோ கிடைச்சது?" என்று கேட்டார். எங்கள் ஆட்கள் விமானம் ஏறும்போது வீடு, வளவு, உறவு என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள். சாதியை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஜெபமாலையும் அதே மடியில்தான் இருந்தது. நிர்மலன் சிரித்தான். அருட்பிரகாசம் ஓங்கி அறைந்தார். பெடியன் தடுமாறி, விழாமல் இருக்கப் பொனற்றில் கையை ஊன்றினான். பிறகு உள்ளங்கையில் ஒட்டியிருந்த வக்ஸைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு ரெயினுக்கு நடந்தான். தங்கை ஷெறோன் மேல்மாடி யன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

அந்தக் கையை அழிக்க அருட்பிரகாசம் பட்ட பாடு கொஞ்சமல்ல. துணியால் துடைத்தார். பொலிஷ் போட்டுத் தேய்த்தார். கீறலை வெட்டி எடுக்கிற பசையையும் வாங்கிவந்து தோள்மூட்டு விலகுமளவுக்கு உரஞ்சினார். சுற்றியிருந்த பெயின்ற் பளபளத்தது, கை அப்படியே இருந்தது. முதற் பனிமழையில் கார் முழுக்க வெள்ளையாக மூடிக் கிடக்க, கையின் உருவம் மட்டும் ஈரமாக, கருநீலமாகத் தெரிந்தது. அவருடைய மனைவி பியற்றிஸ் அதில் தன் கையை வைத்துப் பார்த்து, அங்கேயே சப்பாத்தில்லாமல் பனியில் நின்று அழுதார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகமுன் தொட்டுப் பார்ப்பார். சூடு சரியாக இருந்தால் பிள்ளை சுகம். ஒருமுறை கை அனலாகக் கொதித்தது; பியற்றிஸ் காய்ச்சலுக்கென்று கொத்தமல்லி அவித்து வைத்துவிட்டு, எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியாமல் தானே குடித்தார். பங்கிலிருந்து பெண்கள் வந்து காரைச் சுற்றி நின்று செபமாலை சொன்னார்கள். கோயிலுக்குப் போகிற வழியில் அயலிலிருந்த சைவப் பெண் சுவர்ணா ஒரு பொட்டுச் சந்தனம் வைத்தார். கீறல் விழும் என்று அருட்பிரகாசம் பதறித் துடைத்தார். பங்குச் சுவாமியார் வந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, இது கடவுள் செய்த புதுமையோ இல்லையோ என்று தன்னால் சொல்ல ஏலாது, பொடியனோடு கதைத்துப் பார்த்தீர்களோ என்று மட்டும் கேட்டார். அருட்பிரகாசம் துணியை எடுத்துக்கொண்டு பின்கதவைத் துடைக்கப் போனார்.

அவருடைய சங்கடம் வேறு. பியற்றிஸ் தொட்டால் கை சூடாக இருந்தது, ஷெறோன் தொட்டால் சூடாக இருந்தது, தபால்காரன் தொட்டாலும் சூடாகத்தான் இருந்தது. அருட்பிரகாசம் தொட்ட உடனே ஐஸ் பெட்டியில் கிடந்த மீனாகக் குளிர்ந்துபோனது. அவர் கையுறை போட்டுப் பார்த்தார். வேறு எங்கேயோ பார்ப்பதுபோல நின்றுகொண்டு ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். அது அவரை அடையாளம் கண்டுகொண்டது.

வருடங்கள் போயின. குளிர்காலத்தில் ரோட்டுக்குப் போடுகிற உப்பும் புறா எச்சமும் சேர்ந்து காரின் மேற்பூச்சைத் தின்னத் தொடங்கின. பொனற்றின் ஓரத்தில் வெள்ளையாகப் பொருக்கு எழும்பியது. அது மெல்ல மெல்லச் சின்னவிரலை நோக்கி நகர்வதைப் பியற்றிஸ் கண்டார். பொருக்கு விரலைத் தொட்ட கிழமை ஷெறோனுக்கு ஒரு செய்தி வந்தது. தமையன் அவளோடு மட்டும் எப்போதாவது தொடர்பில் இருந்தான். அவனுடைய சின்னவிரல் நுனியில் தோல் உரிகிறதாம், தொட்டால் தெரியவில்லையாம். இதைக் கேட்ட பியற்றிஸ் அன்றைக்கே புருஷனை இழுத்துக்கொண்டு தேவராசாவின் கார்ச்சாமான் கடைக்குப் போனார். தேவராசா வாயாடி. ஒரு டின் விற்க ஒரு மணித்தியாலம் கதைப்பவர். செரமிக் பூச்சுப் போடுங்கோ, கண்ணாடி மாதிரி இறுகிவிடும், வருடக்கணக்கில் ஒன்றும் உள்ளே போகாது என்றார். "ஐயோ வேண்டாம். பிள்ளையின்ரை கைக்கு மூச்சு முட்டும்" என்றார் பியற்றிஸ். தேவராசா தெளிக்கிற சாமானைக் காட்டினார். அது நாலு மழைக்குக் கூடத் தாங்காது. கடைசியில் பிரேசிலில் ஏதோ பனையின் ஓலையிலிருந்து எடுக்கிற கார்னௌபா வக்ஸ். மெதுவான சாமான், கைச்சூட்டிலேயே உருகும், ஆனால் இரண்டு மாதத்தில் போய்விடும், திரும்பத் திரும்பப் பூசவேண்டும். "திரும்பத் திரும்பப் பூசுறதுதான் நல்லது" என்று பியற்றிஸ் அதையே எடுத்தார்.

அவர் பூசிய காலம் முழுக்கப் பொருக்கு அசையாமல் நின்றது. ஆனால் சான்ட்விச் தொழிற்சாலையில் பல வருடம் வேலை செய்த பியற்றிஸின் கை, மணிக்கட்டு போய்விட்டது; ஒப்பரேஷன் செய்து கட்டுப் போட்டார்கள். ஷெறோன் படிக்க லீட்ஸுக்குப் போயிருந்தாள். அடுத்த தடவை அருட்பிரகாசம் டின்னைத் திறந்தார். பழக்கதோஷத்தில், கதவுக்கு அடிக்கிறமாதிரி, அழுத்தி அழுத்தி வட்டமாகத் தேய்த்தார். கை குளிர்ந்து விறைத்தது. அவரும் விடவில்லை. பின்னேரம் ஷெறோன் தொலைபேசி எடுத்துக் கத்தினாள். சலூனில் நிர்மலனின் கை மரத்துப்போய், கத்தி வழுக்கி, ஒரு வாடிக்கையாளரின் காதில் வெட்டிவிட்டதாம். முதலாளி இன்னொருதரம் நடந்தால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

பூசினால் பெடியனின் பிழைப்புப் போகும், பூசாவிட்டால் கை போகும். அருட்பிரகாசம் டின்னை மூடிவைத்துவிட்டுக் குசினியில் இருந்தார். ஒரு காலம் அந்தச் சலூன் வேலை நாசமாகப் போகட்டும் என்று நேர்த்திவைத்த மனிசன், இப்போது அது போய்விடக்கூடாதே என்று நடுங்கினார். "நான் வக்ஸ் அடிக்கேக்கைதான் அவனுக்கு இப்பிடி ஆகுது" என்றார். பியற்றிஸ் கட்டுப்போட்ட கையை மேசையில் வைத்தபடி அவரைப் பார்த்தார். "நீங்கள் ஒருக்கா அடிச்சது காணும். இனி அடிக்காதேங்கோ. பூசுங்கோ." கலியாணமான நாள் தொடக்கம் அந்த மனுஷி அவரிடம் சொன்ன மிகக் கடுமையான சொல் அதுதான். அருட்பிரகாசம் அழுதார். அழுது முடித்து, ஷெறோனுக்குத் தொலைபேசி எடுத்தார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர், இப்போது கேட்டார். "அவனிட்டைக் கேள் பிள்ளை. நான் பூசட்டோ, விடட்டோ எண்டு கேள். அவன் சொல்லுறபடி செய்யிறன்."

பதில் வர ஒரு மாதமாயிற்று. பொருக்கு சின்னவிரலின் முதல் மடிப்பைத் தாண்டியிருந்தது. "திங்கட்கிழமையிலை பூசச் சொல்லு. அண்டைக்குச் சலூன் பூட்டு." அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, சுகம் விசாரிப்பும் இல்லை. அருட்பிரகாசம் வேலையில் திங்கட்கிழமை ஷிப்டை மாற்றிக்கொண்டார்.

அன்று தொடக்கம் இரண்டு மாதத்துக்கு ஒரு திங்கட்கிழமை, மழையில்லாத நேரம் பார்த்து, காரை நிழலுக்குத் தள்ளி, கழுவி, ஈரம் ஒற்றி எடுத்து, ஒரு பயறளவு வக்ஸை விரலில் எடுத்து அந்தக் கைமேல் பூசினார். அழுத்தவில்லை. கை குளிரத்தான் செய்தது. முடிந்தவரை கெதியாகப் பூசிவிட்டுத் தன் கையை எடுத்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் சூடு திரும்பிவிடும். பொருக்கு நின்ற இடத்திலேயே நின்றது. கார் பழசாகி, ஓட்டத்துக்கு உதவாமல் போய், வாசலிலேயே நிலைத்துவிட்டது. பொனற்றிலிருந்த கையும் மாறியது. பெருவிரலில் கத்தரிக்கோல் பிடித்த காய்ப்பு ஏறியது. ஒரு சித்திரையில் மோதிரவிரலைச் சுற்றி ஒரு வளையம் தெரிந்தது. வலது கையில் ஏன் மோதிரம் என்று பியற்றிஸ் ஷெறோனைக் கேட்டார். "அவள் போலிஷ், அம்மா. அவையள் வலக்கையிலைதான் போடுவினம்" என்றாள் ஷெறோன். பக்கத்தில் நின்ற அருட்பிரகாசம், பொலிஷோ, இது வக்ஸ் அல்லவோ என்று டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போலந்துக்காரி என்று விளங்கியபோது, அவளும் கத்தோலிக்கப் பிள்ளைதான் என்று சொல்லிக்கொண்டார். கலியாணத்துக்கு யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பங்கில் கேட்டவர்களிடம் மகனுக்குக் கலியாணம் முடிந்தது, லண்டனில் பெரிய சலூனில் தலைமயிர் வெட்டுகிறான் என்று சத்தமாகவே சொன்னார். இரண்டொருவர் முகத்தைத் திருப்பினார்கள். அவர் கவலைப்படவில்லை.

போன வருடம் ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை பொனற்றைக் கழுவித் துடைத்தபோது, நிர்மலனின் கைக்குக் கீழே இன்னொரு கை இருந்தது. விசுக்கோத்து அளவுதான். விரல்கள் இன்னும் சரியாக விரியவில்லை. அருட்பிரகாசம் முதலில் பெரிய கைக்குப் பூசினார், அது வழமைபோலக் குளிர்ந்தது, எடுத்துவிட்டார். இந்தப் பிள்ளைக்கு என்ன கெடுதல் வருமோ என்று பயந்தார். கடைசியில் விரல்நுனியில் மிகக் கொஞ்சமாக வக்ஸைத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு வைத்தார்.

அது குளிரவில்லை. அவர் பூசி முடித்தும் குளிரவில்லை. முழு உள்ளங்கையையும் வைத்துப் பார்த்தார். தேத்தண்ணியோடு வெளியே வந்த பியற்றிஸ், மனிசன் பொனற்றில் கையை ஊன்றியபடி குனிந்து நிற்பதைக் கண்டு, நெஞ்சு நோகுதோ என்று கேட்டார்.

"இல்லை" என்றார் அருட்பிரகாசம். "இதுக்கு என்னை ஆரெண்டு தெரியாது, பியற்றிஸ். சூடாயிருக்கு."

பியற்றிஸ் கோப்பையைப் பொனற்றின் மறுபக்கத்தில் வைத்தார். பிறகு டின்னை எடுத்து, இனி இரண்டு கைக்குக் காணுமோ, போதாதோ என்று உள்ளே பார்த்தார்.