களத்தில் கீறிய இரண்டு வட்டங்கள்

அன்று பின்னேரம் களத்தில் நின்றவர்கள்: காணிக்காரர் ஏரம்பர், பார்வை பார்த்துச் செய்வினை கழிக்கிற வீரகத்தி, களத்துக்கு வெளியே பூவரச நிழலில் ஏரம்பரின் மனைவி அன்னபாக்கியம், தாயின் முதுகுக்குப் பின்னால் மகள் கமலாசனி. பிறகு வந்து சேர்ந்தவர்கள் பக்கத்துக் காணி இளையதம்பியும் அவருடைய மகன் யோகலிங்கமும். ஆறே ஆறு பேர். ஊரே திரண்டு நின்றதாகக் கிளிநொச்சிச் சந்தையில் சொன்னவர்கள் ஒருவரும் அங்கே இருக்கவில்லை.

சிறுபோக நெல்லை வெட்டி, கதிர்க்கட்டுகளைக் குவித்து அடுக்கிச் சூடு வைத்தாயிற்று. மறுநாள் மாடு விட்டுச் சூடு மிதிப்பு. இரண்டு காணிக்கும் பொதுவான அந்தக் களத்தை ஏரம்பரே சாணியால் மெழுகி, சாம்பல் தூவி வைத்திருந்தார். நெல் வீடு வந்து சேரும்வரை செருப்புக் காலும் பெண் காலும் களத்தில் படக்கூடாது. அப்படிப்பட்ட இடத்தில், மத்தியானம் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டு வந்து பார்த்தால், சாம்பலில் இரண்டு வட்டங்கள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இரண்டையும் தொட்டுக்கொண்டு, நடுவில் ஒன்றையொன்று வெட்டிப் போகும் இரண்டு கோடுகள். அங்கங்கே இங்கிலீசு எழுத்து.

ஏரம்பருடைய சந்தேகம் எப்போதும் கிழக்குப் பக்கமாகத்தான் நடக்கும். கிழக்கே இளையதம்பியின் காணி. இருவரும் பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து ஒரே லொறியில் வந்து காடு வெட்டியவர்கள். வாய்க்கால் தண்ணீரில் தொடங்கிய வாய்த்தர்க்கத்தோடு பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது.

வீரகத்தி களத்தைச் சுற்றி வந்து தலையை ஆட்டினார். "செய்வினைக் கட்டுத்தான் அண்ணை. பெரிய வட்டம் உங்கடை குடும்பம். சின்னது அவையின்ரை. இந்தக் கோட்டாலை உங்கடை பலனை அங்காலை இழுத்திருக்கு."

"இங்கிலீசு எழுத்து என்னத்துக்கு?"

வீரகத்தி குனிந்து எழுத்தைப் பார்த்தார். "இப்பத்தைச் செய்வினைக்காரர் படிச்ச ஆக்களெல்லோ."

"எனக்குத் தெரியும், அவன் இதுவும் செய்வான், இதுக்கு மேலையும் செய்வான்" என்ற ஏரம்பர், வரம்பில் ஏறி நின்று குரல் கொடுத்தார். "டேய் இளையதம்பி! வெளியிலை வாடா!"

இளையதம்பி வந்தார். பின்னால் யோகலிங்கம் வந்தான். சாம்பலைப் பார்த்ததும் மகனின் முகம் வெளுத்ததை ஏரம்பர் கவனித்து வைத்துக்கொண்டார்.

"தண்ணி களவெடுத்தது காணாதெண்டு, இப்ப சூனியமும் தொடங்கிட்டியோ?"

"ஆரடா தண்ணி களவெடுத்தது? அம்மாளாச்சி அறிய இது என்ரை வேலையில்லை. வா, இப்பவே வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போவம். கற்பூரம் கொளுத்தி அடிச்சுச் சத்தியம் பண்ணுறன்."

"வா, போவம்!"

"ஒருத்தரும் சத்தியம் பண்ணத் தேவையில்லை." தாயின் பின்னாலிருந்து கமலாசனி வெளியே வந்தாள். "அது நான் கீறினது, ஐயா."

"ஐயோ பிள்ளை, களத்துக்கையோ கால் வைச்சனீ?" என்று அன்னபாக்கியம் வாயில் கை வைத்தாள்.

"அது கணக்கு. மார்கழியிலை வாற பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சைக்கு. கீறினது நான். கேள்வி தந்தது..." அவள் பார்வை போன இடத்தில் யோகலிங்கம் நின்றான்.

செய்வினை போய், அதைவிடப் பெரியது வந்து நின்றது. செய்வினைக்கு வீரகத்தியின் மடியிலிருக்கும் தேசிக்காயை வெட்டினால் போதும். இதற்கு எதை வெட்டுவது?

"கணக்கெண்டால் கொப்பியிலை செய்யாமல் ஏன் நிலத்திலை?" என்றார் ஏரம்பர்.

"பழைய வினாத்தாள் எல்லாம் அவரிட்டைக் கிடக்கு. கடதாசியிலை எழுதித் தந்தால் கடிதம் எண்டுவியள். அதுதான் அவர் வரம்பிலை நிண்டு சொல்ல நான் கீறினனான்."

அப்படித்தான் சொல்லியிருப்பார்.

"கணக்கு மட்டும்தான், மாமா" என்று யோகலிங்கம் வாய் திறந்தான்.

"ஆரடா உனக்கு மாமா?"

சாட்சிகளைத் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்பது ஏரம்பருக்குத் தெரியும். மகளைப் பூவரசின் பின்னாலும் பையனைச் சூட்டின் பின்னாலும் களத்துக்கு முதுகு காட்டி நிறுத்தினார். "பிள்ளை, விடை ரெண்டும் ஒண்டெண்டால் நீ போய்ச் சோதினை எழுது. இல்லையெண்டால் இண்டையோடை புத்தகத்தைக் கட்டிப் பரணிலை போடு."

கேள்வி இதுதான்: பெரிய வட்டத்தின் ஆரை ஐந்தடி, சிறியதன் ஆரை மூன்றடி, மையத்துக்கு மையம் பத்தடி; குறுக்கே போகும் கோடு ஒரு வட்டத்தைத் தொடும் இடத்திலிருந்து மற்றதைத் தொடும் இடம்வரை எவ்வளவு நீளம்?

ஏரம்பர் மகளிடம் போய்க் காது கொடுத்தார். ஆறடி என்றாள். பையனிடம் போனார். பத்தடிக்குக் கொஞ்சம் குறைய என்றான்.

"கேட்டியளோ!" ஏரம்பர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "ஒரு கணக்குக்கு ரெண்டு விடை எண்டால் அங்கை கணக்கே இல்லை. அவள் ஆறெண்டுறாள், இவன் பத்தெண்டுறான்."

"பத்தோ?" பூவரசின் பின்னாலிருந்து கமலாசனி பாய்ந்து வந்தாள். தகப்பனையும் மறந்தாள், களத்தையும் மறந்தாள். "குறுக்குக் கோட்டுக்கு ரெண்டு ஆரையையும் கூட்டவேணும் எண்டு நேற்றும் கீறிக் காட்டினனான். திரும்பவும் கழிச்சிருக்கிறீர்! போனமுறை சோதினையிலை தவறினதும் இப்பிடித்தானே?"

"கழிக்கிறது வெளிக்கோட்டுக்கெல்லோ... தெரியும்."

"தெரிஞ்சால் ஏன் கழிச்சனீர்?"

"உம்மடை ஐயா பக்கத்திலை நிண்டு முறைக்க எனக்கு மூளை ஓடேல்லை!"

"சோதினை மண்டபத்திலையும் ஆரும் முறைச்சுக்கொண்டுதான் நிப்பினம். மாட்டுக்குச் சொல்லியிருந்தாலும் விளங்கியிருக்கும்."

ஏரம்பர் இருவரையும் நம்பவில்லை. மாட்டுக் கயிற்றை எடுத்து, கோட்டின் ஒரு முனையில் வீரகத்தியைப் பிடிக்கச் சொல்லி மறுமுனையைத் தானே பிடித்தார். வரம்பு அளக்கிற அடிக்கோலை அதன்மேல் வைத்தார். ஆறடி. வீரகத்தி இளையதம்பியிடம் எதையாவது வாங்கியிருக்கலாம் என்ற எண்ணம் வரவே, அவரைத் தள்ளி நிற்கச் சொல்லி மற்றக் கோட்டைத் தனியாக அளந்தார். அதுவும் ஆறடி.

இளையதம்பி மெல்லச் சிரித்தார். "என்ரை பெடியன் பிழை. உன்ரை பெட்டை சரி. இனித் தண்ணிக் கணக்கையும் அவளிட்டைக் குடுப்பமோ?"

ஏரம்பர் சிரிக்கவில்லை. ஆனால் ஏரம்பரின் மகள் சரி, இளையதம்பியின் மகன் பிழை என்பதை இளையதம்பியின் வாயாலேயே கேட்டது காதுக்கு இதமாக இருந்தது. நிமிர்ந்த முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

"இப்பிடி ஏசுறவள் அவனிலை விருப்பமாயிருப்பாளே?" என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்.

"நான் உங்களை ஏசாத நாள் ஒண்டு இருக்கோ?" என்றாள் அன்னபாக்கியம்.

ஏரம்பருக்கு வந்த நிம்மதி அதோடு போயிற்று. ஆனாலும் அது கணக்குத்தான் என்று அடிக்கோலே சொல்லிவிட்டது; பிள்ளை சோதினை எழுதட்டும் என்றார். வீரகத்தி கொண்டுவந்த தேசிக்காயைக் களத்தில் பெண் கால் பட்ட குற்றத்துக்கு வெட்டச் சொன்னார். சூடு மிதித்து நெல் வீடு வந்த பிறகு, ஒவ்வொரு பின்னேரமும் அதே களத்தில், ஊர் பார்க்கும்படியாக, கணக்கு நடந்தது. ஒரு பக்கம் மகள், மறு பக்கம் யோகலிங்கம், நடுவில் கதிரை போட்டு ஏரம்பர், மடியில் அடிக்கோல். கேள்வியை உரத்து வாசிக்க வேண்டும். விடையை அவர் அளக்க வேண்டும். அளக்க முடியாத கணக்குகள் வந்தபோது இருவரின் முகத்தையும் அளந்தார்.

மார்கழியில் கமலாசனி யோகலிங்கத்தோடு ரயிலேறி யாழ்ப்பாணம் போனாள் என்று ஒரு கதை இன்னும் உலாவுகிறது. அது பொய். அவள் தகப்பனோடு போனாள். யோகலிங்கம் இளையதம்பியோடு போனான். ஒரே ரயில்தான்; ஆனால் பிள்ளைகள் இருவரும் ஒரே பெட்டியில் ஏறவில்லை.