சண்டமாருதன் எல்லை கடந்தார்

கலியாணத்துக்குப் போகிற காரில் பலகாரப் பெட்டி இருக்கலாம், பூத்தட்டம் இருக்கலாம். அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் நூறு வருட வரலாறு, அதுவும் அறுபது பிரதி, எதற்கு என்று கனடாவின் ஸ்காபரோவில் புறப்படும்போதே மங்கையற்கரசி கேட்டாள். கேட்டு என்ன பயன்? தில்லையம்பலத்தாருக்கு மனைவி சொல்வது காதில் ஏறக் கொஞ்சக் காலம் எடுக்கும். கலியாணம் கட்டி முப்பது வருடமாகியும் அது இன்னும் ஏறவில்லை.

மனிதர் பகலில் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்ரிக் வாளி வார்க்கிறவர். மிச்ச நேரத்தில் 'சண்டமாருதன்'. தமிழ்க் கடை வாசலில் இலவசமாக அடுக்கிவைத்திருக்கும் வாரப் பத்திரிகையில் அந்தப் பெயரில் ஆறு வருடமாக அமெரிக்காவை உதைத்து வந்தார். ஹவாய் இராணியைச் சீனி முதலாளிகள் கவிழ்த்தபோது துணைக்குக் கரையிறங்கிய படையை இரண்டு வாரம் உதைத்தார். கியூபாவுக்கு விடுதலை வாங்கித் தருகிறோம் என்று வந்து குவாண்டனாமோவில் குந்திக்கொண்டவர்களை நாலு வாரம். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையும், ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியைத் துரத்திய கதையும் கிழமைக்கொன்றாக வந்தன. சனம் பத்திரிகையைக் கொண்டுபோய் இறால் உரிக்க விரித்தது.

இந்த வருடம் தொண்ணூற்றெட்டு. கியூபாவையும் பிலிப்பைன்சையும் பிடித்து நூறு வருடம் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் புத்தகமாக்கிவிட்டார். பெயர் 'வந்தவர் போனாரில்லை'. அட்டையில் ஒரு கழுகு உலக உருண்டையை நகத்தால் பிறாண்டிக்கொண்டு நிற்கும்.

"கிருபன்ர கலியாணத்துக்கு வாற ஆக்களுக்கு ஆளுக்கொண்டு குடுக்கவேணும். அதுவும் அமெரிக்க மண்ணில வைச்சு" என்றார், பெட்டியை டிக்கியில் ஏற்றிக்கொண்டு.

மங்கையற்கரசிக்கு அமெரிக்க மண்ணைப் பற்றிய கவலை இல்லை. மாப்பிள்ளை கிருபனின் தாய் அவள். தாலிக்கொடி அவளுடைய கைப்பைக்குள், கூறைச்சேலை மடியில். நாளை காலை நியூ ஜேர்சியில் முகூர்த்தம். எல்லையில் திருப்பி அனுப்பிவிட்டால் மணவறையில் மகன் வெறுங்கையோடு இருப்பான்.

"இஞ்சருங்கோ, அவங்கள் கேக்கிறதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ. உங்கட வரலாறு ஒண்டும் வேண்டாம்."

"நான் ஆருக்கும் பயந்த ஆள் இல்லை, மங்கை. கேட்டானெண்டால் முகத்துக்கு நேரை சொல்லுவன்."

முதல்நாள்தான் அமெரிக்கா சூடானில் ஒரு மருந்துத் தொழிற்சாலையை ஏவுகணையால் நொறுக்கியிருந்தது. வழிநெடுக வானொலியில் அதே செய்தி. அடித்தது அவர்கள், பெட்டியைத் திறந்து காட்டவேண்டியது நாங்கள் என்று நினைத்துக்கொண்டாள். எல்லைப் பாலத்தடியில் கார்கள் ஆமை வேகத்தில் நகர்ந்தன.

அதிகாரி இளம்பெடியன், தொப்பி போட்டிருந்தான். எங்கே போகிறீர்கள்? எதற்கு? எத்தனை நாள் தங்குவீர்கள்? திரும்பிப் போவீர்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி?

கடைசிக் கேள்வியில் தில்லையம்பலத்தாரின் மூக்கு விடைத்தது. உதவிக்கென்று பிலிப்பைன்சுக்குப் போய் நாற்பத்தெட்டு வருடம் தங்கியவர்களிடம் யாராவது அத்தாட்சி கேட்டார்களா என்று நாலாம் அத்தியாயத்தில் கேட்டிருந்தவர் அவர். மங்கையற்கரசி குனிந்து அவருடைய தொடையைக் கிள்ளினாள்.

"மூன்று நாள், சேர். திங்கட்கிழமை இவருக்கு வேலை" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முந்திக்கொண்டாள்.

அவன் டிக்கியைத் திறக்கச் சொன்னான். பலகாரத்தை மணந்து பார்த்தான். பிறகு மற்றப் பெட்டியைக் கிழித்து, ஒரு புத்தகத்தை எடுத்து, கழுகை வெகுநேரம் பார்த்தான்.

"இது என்ன புத்தகம்?"

மங்கையற்கரசி கண்ணை மூடிக்கொண்டாள். தாலி போச்சு, கலியாணம் போச்சு. உண்மையைச் சொன்னால், அந்த ஒரு நொடியில், மனிதர் சொல்லித்தான் விடட்டுமே என்று அவளுக்கும் ஒரு ஆசை வந்தது. ஆறு வருடம் அந்த எழுத்துக்காகத் தனியே சாப்பிட்டவள் அவள்.

"பிரார்த்தனைப் புத்தகம், சேர்" என்று ஒரு குரல் கேட்டது. தன் புருசன்தானா என்று கண்ணைத் திறந்து பார்த்தாள். அவரேதான்.

"அப்படியென்றால் இந்தக் கழுகு?"

"கருடன், சேர். கடவுளின் வாகனம்."

மூன்று வேளையும் நீறு பூசுகிற சைவப்பழம், பெருமாளின் வாகனத்தில் ஏறித் தப்பப் பார்த்தது. அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. புத்தகத்தை அவரிடமே நீட்டினான்.

"ஒன்று பாடிக் காட்டுங்கள்."

தில்லையம்பலத்தார் கைக்கு வந்த பக்கத்தைத் திறந்தார். அது நாலாம் அத்தியாயம். தொண்டையைச் செருமி, கோயிலில் பதிகம் பாடுகிற இராகத்தில் தொடங்கினார்.

"ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு... மே மாதம் முதலாம் திகதி... மணிலாக் குடாவிலே அமெரிக்கப் பீரங்கிகள் முழங்கினவே..."

மங்கையற்கரசி என்ன செய்வாள்? கைகூப்பினாள். வரி முடிகிற இடமெல்லாம் அவரோடு சேர்ந்து இழுத்தாள். இறந்த பிலிப்பைன்சுக்காரரின் கணக்கு வந்த இடத்தில் அவருக்குக் குரல் தழுதழுத்தது. பக்தியாலா பயத்தாலா என்று அவளுக்கே விளங்கவில்லை. அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டான்.

பாட்டு முடிந்தது. "நடுவில் 'அமெரிக்கா' என்று வந்ததே?" என்றான்.

தில்லையம்பலத்தார் மறுமொழியைப் புத்தகத்துக்குள் தேடுகிறவர்போலப் பக்கங்களைப் புரட்டினார்.

"வரும், சேர். ஒவ்வொரு பக்கத்திலும் வரும்" என்றாள் மங்கையற்கரசி. "உங்கள் நாட்டை நினைக்காமல் இவருக்கு ஒரு நாளும் விடிவதில்லை."

அதில் ஒரு சொல் பொய்யில்லை. பெடியனின் முகம் இளகியது. நெஞ்சில் கைவைத்து, இந்த நேரத்தில் தங்கள் நாட்டுக்கு இப்படிப்பட்ட பிரார்த்தனைதான் தேவை என்றான். தன் தாய்க்கு ஒரு பிரதி கிடைக்குமா என்று கூச்சத்தோடு கேட்டான். தில்லையம்பலத்தார் பேனாவை எடுத்து, 'அன்புடன்' என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

இரண்டு மைல் தாண்டியபிறகு மனிதருக்கு மெல்ல மெல்லக் குரல் திரும்பியது. முதுகு நிமிர்ந்தது.

"பாத்தீரோ? அவன்ர மண்ணில நிண்டு, அவன்ர முகத்துக்கு நேரை, நாலாம் அத்தியாயத்தை வாசிச்சுக் காட்டினன்! வாற கிழமை பத்திரிகையில இதைத்தான் எழுதப்போறன்."

மங்கையற்கரசி கைப்பைக்குள் கையை விட்டுத் தாலிக்கொடியைத் தடவிப் பார்த்தாள். அது பத்திரமாக இருந்தது. அவருடைய கோழைத்தனத்தால்தான் அது இங்கே இருக்கிறது என்பதும், அதற்குத் தானும் சேர்ந்து பாடினவள் என்பதும் அவளுக்குத் தெரியும். அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

"எழுதுங்கோ" என்றாள். "ஆனால் வாசிச்சதெண்டு எழுதாதேங்கோ. ரெண்டுபேருமாக் கும்பிட்டுப் பாடினதெண்டு எழுதுங்கோ."