பிரேக் பைப்பைக் கட்டிய கம்பி

நான் லோடுமேனாகப் போகும் நெல் லாரியில் டீசல் வாடை அடித்ததால், காலையில் குத்தாலத்தில் காதர் மைதீன் பட்டறையில் விட்டிருந்தோம். அவர் வண்டிக்கு அடியில் படுத்தபடியே ஒரு டியூபை அறுத்து என் கையில் கொடுத்தார். ஒரு பக்கம் நன்றாக இருந்தது. மறுபக்கம் வெந்த கத்தரிக்காய் மாதிரி நசுங்கியது. சைலன்சர் சூடு என்றார். டீசல் டியூபோ பிரேக் பைப்போ, சைலன்சரை விட்டு நாலு விரலாவது தள்ளி இருக்கவேண்டுமாம். இடமில்லையென்றால் நடுவில் தகடு வைக்கவேண்டுமாம்.

பிரேக் பைப்பு பட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"உள்ள ஆயில் கொதிச்சுரும். மிதிச்சா பெடல் சும்மா உள்ள போவும். ஆறுனா பழையபடி பிடிக்கும். அதனால எவனும் நம்ப மாட்டான்."

கையிலிருந்த டியூபைக் கீழே போட்டேன்.

ஒன்பது நாளைக்கு முன், வயல் வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் எங்கள் ஊர்ப் பரிதியின் வேன் நாற்றுக்கட்டோடு வயலில் இறங்கியபோது அடிப்பக்கம் வரப்பில் இடித்து, பின்சக்கரத்துக்குப் போகிற பிரேக் பைப்பு கிளிப்பு விட்டுத் தொங்கியது. பட்டறைக்குப் போனால் நாற்று வாடிவிடும். நான்தான் அடியில் புகுந்து கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டினேன். எது ஆடாமல் கெட்டியாக இருந்ததோ அதோடு சேர்த்துக் கட்டினேன். அது சைலன்சர் குழாய். மாமா போட்ட கட்டுக்கு யானையே அசையாது என்று பரிதி சிரித்தான்.

அந்த வேனில்தான் இன்றைக்குப் பதினான்கு பெண்கள் திருப்பனந்தாள் பக்கம் நடவுக்குப் போயிருந்தார்கள். என் மனைவி பாத்திமா மேரியும் போயிருந்தாள்.

பரிதிக்குப் போன் போட்டேன். அடித்து அடித்து நின்றது. பாத்திமா மேரி வயலுக்குப் போன் கொண்டுபோகிறவள் இல்லை. காதர் மைதீனிடம் நடந்ததைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு பைக்கை எடுத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

வழியெல்லாம் வாய்க்காலையே பார்த்துக்கொண்டு போனேன். கரை சரிந்த இடமெல்லாம் வேன் இறங்கிய இடமாகத் தெரிந்தது. ஓரிடத்தில் கூட்டம் நின்றது. நிறுத்தச் சொல்லி ஓடிப் பார்த்தேன். மதகில் ஒரு ஆடு சிக்கியிருந்தது.

வேன் வயலோரத்தில் முழுசாக நின்றது. பரிதி நிழலில் படுத்திருந்தான். காலையில் இரண்டு தடவை பெடல் இறங்கியதென்றும், அடித்து மிதித்ததும் பிடித்துவிட்டதென்றும் சாவகாசமாகச் சொன்னான். காதர் மைதீன் அடியில் பார்த்தார். பைப்பு கருகியிருக்கிறது, மாற்றாமல் வண்டியை நகர்த்தக்கூடாது, புதுப் பைப்பு வர நாளைக்காகும் என்றார். மெதுவாக ஓட்டினால் போகாதா என்று பரிதி கோபித்தான். அவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"கட்டுனது நீங்க. அவங்ககிட்டயும் நீங்களே சொல்லுங்க மாமா" என்றான் என்னிடம்.

வரப்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சாயந்தரம் இதில் ஏறவேண்டாம், பஸ்ஸுக்கு மூன்று கிலோமீட்டர் நடக்கவேண்டும் என்றேன். நடவு ஆட்களைக் கூட்டிவருகிற செவ்வந்தி நிமிர்ந்தாள்.

"நீங்க மூட்டை தூக்குறவங்கதானண்ணே? எங்களையும் ஒவ்வொருத்தியா கொண்டுபோய் இறக்கிருங்க."

பெண்கள் சிரித்தார்கள். பாத்திமா மேரி குனிந்தபடியே கேட்டாள்.

"கட்டி எத்தனை நாளாச்சு?"

"ஒம்பது."

நாற்றை ஊன்றிய கை சேற்றிலேயே நின்றது.

"ஞாயித்துக்கிழமை நம்ம ஜெனிட்டா கைப்பிள்ளையோட அதுலதான் வந்து இறங்குனா."

மகள் வந்ததை அதுவரை நான் நினைத்துப் பார்க்கவில்லை. பாத்திமா மேரி அடுத்த நாற்றை எடுத்தாள்.

சாயந்தரம் எல்லோருடைய சாப்பாட்டுத் தூக்கையும் நான் சுமந்துகொண்டு பின்னால் நடந்தேன். பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள். எனக்குக் கடைசி சீட்டு கிடைத்தது. டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் என் காலும் தரையை அழுத்தியது.