வலியே இல்லாத பன்னிரண்டு பேர்

எங்கள் பெரிய டாக்டருக்குச் சேவை என்றால் உயிர். பக்கத்தில் கேமரா இருந்தால் அந்த உயிரையே கொடுப்பார். இல்லாவிட்டால் ஒன்றரை மணி நேரம் கொடுப்பார்.

மடத்துக்குக் கொடுத்தது அந்த ஒன்றரை மணி நேரம். வெளியுலகமே வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்ட கன்னியர் மடம் அது. உள்ளே போனவர்கள் வாசல் தாண்டுவதில்லை. காய்ச்சலோ பல்வலியோ, எல்லாம் மதிலுக்குள்ளேதான். வருடத்துக்கு ஒரு நாள் பல் டாக்டர்கள் போய்ப் பார்த்தால் உண்டு. பல் ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் விற்கிற நான், மடக்கு நாற்காலியையும் எச்சில் உறிஞ்சும் மெஷினையும் இரவல் கொடுத்துவிட்டு, இரண்டும் உருப்படியாகத் திரும்பி வரவேண்டுமே என்று கூடவே போனேன். என் தொண்டு அவ்வளவுதான்.

எக்ஸ்ரே கருவிக்கு வேனில் இடமில்லை என்று விட்டுவிட்டு வந்திருந்தார் டாக்டர். பன்னிரண்டு அடி பேனருக்கு இடம் இருந்தது. யாருமே நுழையாத மடத்துக்குள் அதைக் கட்டி யாருக்குக் காட்டப்போகிறாரோ!

"மதர், ஒரே ஒரு போட்டோ. முகம் வேண்டாம், முதுகு போதும்" என்று குழைந்தார்.

"முதுகும் கிடையாதுங்க" என்றார் மடத்துத் தலைவி. "சுவரை வேணும்னா எடுத்துக்கங்க. இப்பதான் வெள்ளையடிச்சோம்."

அந்தக் கோபத்தில் டாக்டருக்குக் கை வேகம் பிடித்தது. சிஸ்டர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். கண்ணாடியை வாய்க்குள் விடுவார், கம்பியால் நாலு தட்டுத் தட்டுவார், "வலிக்குதா?" என்பார். சிஸ்டர் புன்னகைப்பார். "நெக்ஸ்ட்!" நாற்பது நிமிடத்தில் பதினொரு பேர். அத்தனை பேருக்கும் 'வலி இல்லை' என்று எழுதச் சொன்னார்.

எழுதிக்கொண்டிருந்த சின்ன டாக்டரம்மா தயங்கினாள். "சார், நாலாவது சிஸ்டருக்கு ஈறு வீங்கின மாதிரி…"

"அவங்களே சிரிச்சுக்கிட்டுப் போறாங்க. உனக்கு எங்கம்மா வலிக்குது? எழுது."

பன்னிரண்டாவதாக வந்தவர் தோட்ட வேலை பார்க்கும் சிஸ்டர். நகக்கண்ணில் மண். இடது பக்கம் கடைவாய்ப்பல் ஒன்றுகூட இல்லை. மென்று தின்ன வலது பக்கத்தில் மூன்றுதான் மிச்சம். அந்த வலது கன்னம் பந்துபோல் வீங்கியிருந்தது. அதை மறைக்க முக்காட்டுக்கும் வழியில்லை, டாக்டருக்கும் வழியில்லை.

மூன்றையும் தட்டினார். மூன்றுக்கும் அதே புன்னகை. மூன்றில் ஒன்று, எப்போதோ சொத்தைக்கு வைத்த அடைப்பு கறுத்துப்போய்ப் பார்க்கவே அசிங்கமாக இருந்தது.

"இதான் குற்றவாளி. பிடுங்கிடலாம்."

"சார், எக்ஸ்ரே இல்லாம எப்படி…"

"இருபத்தஞ்சு வருஷமா என் கண்ணுதாம்மா எக்ஸ்ரே. நாலு மணிக்கு எனக்குப் பாராட்டு விழா இருக்கு. ஊசியை எடு."

நான் மெஷின் குழாயைப் பிடித்தபடி சிஸ்டரின் கால்மாட்டில் நின்றிருந்தேன். துணிக்கடையில் வளர்ந்தவன். வாடிக்கையாளர் வாயைப் பார்த்து வியாபாரம் பண்ணினால் கடையை மூடவேண்டியதுதான். பிடித்த துணியைத் தொட்ட விநாடியில்தான் அவர் முகத்தில் ஓர் அலட்சியம் வரும். அதனால் நான் சிஸ்டரின் வாயை விட்டுக் காலைக் கவனித்திருந்தேன். கறுப்புப் பல்லைத் தட்டியபோது சிஸ்டரின் கால் சும்மா கிடந்தது. அதற்குப் பின்னால் இருந்த வெள்ளை வெளேர் என்ற பல்லைத் தட்டியபோது புன்னகை இன்னும் கொஞ்சம் விரிந்தது. செருப்புக்குள் பத்து விரலும் சுருண்டன.

நல்ல பல்லைப் பிடுங்கிக் கெட்ட பல்லை விட்டுவிட்டுப் போனால், அந்த அம்மாள் அடுத்த வருடம்வரை எதை வைத்து மெல்வது? அதுவரை சீழ் சும்மா இருக்குமா?

மதரிடம் நகர்ந்தேன். "ஏங்க, இவங்க யாருமே வலிக்குதுன்னு சொல்லமாட்டாங்களா?"

"வலியை வெளிய சொல்றது எங்க வழக்கமில்லைங்க. ஆண்டவருக்குக் காணிக்கையா வச்சிருவோம்."

"இதை டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே. மூணு வருஷமா வர்றாரு."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே. போட்டோ மட்டும்தான் கேப்பாரு."

"நீங்க சொன்னா சொல்வாங்களா?"

மதர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பேரம் தெரிந்த கண். "கீழ்ப்படியிறேன்னு வாக்குக் கொடுத்திருக்காங்க. சொல்லித்தானே ஆகணும்."

டாக்டரின் ஊசி ஈறுக்கு ஓர் அங்குலம் தள்ளி இருந்தது. மதர் குரலை உயர்த்தவில்லை. "சிஸ்டர், இது என் கட்டளை. எந்தப் பல்லு வலிக்குதோ அதைத் தொட்டுக் காட்டுங்க."

சிஸ்டரின் விரல் கறுப்புப் பல்லைத் தாண்டிப் போய் வெள்ளைப் பல்லின்மேல் நின்றது. கண்ணில் பொலபொலவென்று நீர்.

"நானும் அதைத்தான் சந்தேகப்பட்டேன்" என்றார் டாக்டர். கூச்சமே இல்லாத மனிதர்.

மதர் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் அதே கட்டளை. வலி இருக்கறவங்க கையைத் தூக்குங்க."

'வலி இல்லை' என்று எழுதப்பட்ட பதினொரு பேரில் ஒன்பது கைகள் உயர்ந்தன.

டாக்டர் கைகளைப் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மதர், விழாவில எனக்காகக் காத்துக்கிட்டிருப்பாங்க. அடுத்த தடவை விரிவா…"

"போயிட்டு வாங்க. உங்களுக்குக் கட்டளை போட முடியுமா? நீங்க எங்க சபை இல்லையே."

அவர் போனார். வேனையும் எடுத்துக்கொண்டே போனார். சின்ன டாக்டரம்மா புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, சுகர், பிரஷர் என்று அதுவரை யாரும் கேட்காததையெல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு மரத்துப்போக ஊசி போட்டு வெள்ளைப் பல்லைத் துளைத்துத் திறந்தாள். சீழ் பீறிட்டது, நாற்றம் தாங்காமல் நான் முகத்தைத் திருப்பினேன்.

"குழாயை ஒழுங்காப் பிடிங்க அண்ணா. பிடுங்காமலே பல்லு நிக்கும்னு தோணுது."

"நீ பாரும்மா" என்று சரியாகப் பிடித்தேன். மற்ற ஒன்பது பேருக்கும் சேர்த்து ஏழு மணிவரை பிடித்தேன்.