ஒன்பது மணிப் புகை

என் மகளுக்கு எட்டு வயது. பத்துப் படி ஏறினாலே மூச்சு இரையும். தெருவில் ஓடி விளையாடியதே இல்லை. எங்கள் தெரு வழியாகப் போகாத லாரி இந்த ஊரில் கிடையாது. நகராட்சி ஒரு மாதச் சோதனையாக வண்டிகளைத் தடுத்து, எதிர்க் கம்பத்தில் காற்றின் மாசை அளக்கும் கருவியை மாட்டியபோது துள்ளிக் குதித்தேன். மாதச் சராசரி ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் தெருவில் இனி வண்டியே வராது.

கருவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் அண்ணனுக்கு. தினமும் காலை ஒன்பதுக்கு ஏணியில் ஏறித் தூசி துடைப்பான், எண்களைக் குறிப்பான், முகத்தைத் தொங்கப்போடுவான்.

"மத்த நேரமெல்லாம் தங்கமா இருக்கு. ஒன்பது மணிக்கு மட்டும் எகிறுது. எவனோ திருட்டுத்தனமா வண்டி விடுறான்மா."

"கையில சிக்கட்டும், உண்டு இல்லைன்னு பண்ணிடுறேன்!"

இன்னும் பத்து நாள்தான் பாக்கி. மறுநாள் தையல் மெஷினை ஜன்னலோரம் இழுத்துப்போட்டுக் காவலிருந்தேன். ஒன்பது வரை ஈ காக்கை இல்லை. பிறகு அண்ணன் வந்தான்; நகராட்சி ஆள் என்று தடுப்பில் அவனை மட்டும் விட்டுவிடுவார்கள். அவனுடைய ஓட்டை ஸ்கூட்டர் கருவிக்கு நேர் கீழே நின்று, குபுகுபுவென்று கரும்புகை கக்கியது. அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று அவன் அதை அணைப்பதே இல்லை.

கோபம்தான் வந்திருக்க வேண்டும். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"அண்ணா, திருடன் சிக்கிட்டான். கீழ பாரு."

பார்த்தான். ஏணியிலேயே தலையில் கைவைத்துக்கொண்டான்.

"எழுதினதை அழிக்கமாட்டேன். அது தப்பு."

"அழிக்க வேணாம். நாளையிலிருந்து நடந்து வா, போதும்."

நடந்துதான் வந்தான், எட்டு நாளும். கடைசி நாள் மட்டும் ஸ்கூட்டரை ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டுமென்று, தெருமுனையிலேயே அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வந்தான். ஏணியில் ஏறியவன் மேலிருந்தே கத்தினான்.

"நாப்பத்தொன்பது!"

தெருவே கைதட்டியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மகள் அதற்குள் ஸ்கூட்டரின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"மாமா, நீங்க பிடிங்க. நான் தள்ளுறேன்."

தெருவின் அந்தக் கோடியில் இருந்த மெக்கானிக் கடை வரை தள்ளினாள், சிரித்துக்கொண்டே. மூச்சு வாங்கியது அண்ணனுக்குத்தான்.